கால் படாத தரை

குபேர நகரில் நாய்கள் தரையை விட்டு எழும்பிய கதையை அங்கே யாரிடம் கேட்டாலும் முதலில் தரையின் பெயரைத்தான் சொல்வார்கள், அது எந்தக் கடையில் எடுத்தது, எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது, எந்த ஊர் ஆட்களை வைத்துப் பதித்தது என்று மூச்சு விடாமல் சொல்வார்கள், எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஆமாமா, ரெண்டு நாயும் இருந்துச்சு என்பார்கள். நமக்கு அந்த ஊர்க்காரர்களின் புத்தி வேண்டாம், நாம் நாய்களிலிருந்தே தொடங்குவோம்.

மூத்தவன் பெயர் மைனர். அந்தத் தரைக்குச் சொந்தக்காரரான தண்டபாணி, காரும் இல்லாமல் வீடும் இல்லாமல், பம்பு செட்டுக்கு லேத்தில் உதிரிபாகம் கடைகிற பட்டறை ஒன்றில் கூலிக்கு நின்ற காலத்தில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடைத்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கண்டக்டருக்குத் தெரியாமல் பஸ்ஸில் நின்றபடியே கோயமுத்தூர் வரைக்கும் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் நெஞ்சில் விழுந்த கீறலைப் பார்ப்போருக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார். இளையவள் சுந்தரி. குபேர நகர் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது தானாக வந்து மணல் குவியலின்மேல் படுத்தவள், சம்பளம் கேட்காமல் சிமெண்டு மூட்டைக்குக் காவல் காத்தவள், வீடு முடிந்ததும் மணல் போய்விட்டதே என்று கொஞ்சம் தேடிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டவள். இவர்கள் இரண்டு பேருக்கும் சோறு வைத்தவள், உண்ணி பிடுங்கியவள், மழைக்காலத்தில் காது துடைத்துவிட்டவள் தண்டபாணியின் மனைவி நவமணி.

கோயமுத்தூருக்கு மேற்கே, மலை தெரிகிறது என்று சொல்லி விற்கப்பட்டு, பிறகு வீடுகள் எழும்பி மலை மறைந்துபோன இடம் குபேர நகர். அங்கே ஒரு வீட்டுக்குள் விருந்தாளி நுழைந்தால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கமாட்டார், குனிந்து தரையைத்தான் பார்ப்பார், பார்த்துவிட்டு, "டைல்ஸுங்களா, மார்பிளுங்களா?" என்று கேட்ட பிறகே சௌக்கியம் விசாரிப்பார். டைல்ஸ் என்றால் குரலில் ஒரு சுருதி குறையும். அதே வீட்டில் யாராவது செத்துக் கிடந்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வருமோ என்று நவமணிக்குச் சந்தேகம் இருந்தது, எதிர்வீட்டுப் பெரியவர் காலமானபோது போய்ப் பார்த்தாள், சந்தேகம் தீர்ந்தது.

தண்டபாணி முதலில் போட்டது முகம் பார்க்கலாம் போன்ற விட்ரிஃபைடு டைல்ஸ். முகம்தான் பார்க்கலாம், நடக்க முடியாது. மைனர் ஹாலில் திரும்பும்போதெல்லாம் பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகும், நகத்தை ஊன்றி நிற்கப் பார்ப்பான், நகம் கோடு போடும். தண்டபாணி இப்போது சொந்தமாக வைத்திருந்த பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக மண்டியிட்டு, செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு சதுரமாகப் பார்ப்பார், கோட்டைக் கண்டதும் ஈட்டி பாய்ந்தவர் மாதிரி அலறுவார், "டேய், தரையில காலு வெக்காதடா!" என்பார். நாய் பின்னே எதில் கால் வைக்கும் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்கிற வேலையை அவர் டைல்ஸ் கடை சம்பத்திடம் ஒப்படைத்திருந்தார்.

இந்தச் சம்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கழுத்தில் டை கட்டி, வாயில் பாக்கு மென்று, வருகிற ஆள் எதைச் சொன்னாலும் "கரெக்டுங்க சார்" என்று தொடங்கி, தன் கிடங்கில் தேங்கிக் கிடப்பதை அவர் தலையில் கட்டி முடிக்கிற ஆள். நாய் இருக்குது என்று சொன்னதும், "கரெக்டுங்க சார், நாய்க்குன்னே வந்துருக்குது பாருங்க" என்று மரத்தரை ஒன்றைக் காட்டினான். மரம் என்றால் மரமில்லை, மரத்தூளை அழுத்தி அதன்மேல் மரத்தின் போட்டோவை ஒட்டியது. டைல்ஸின் மேலேயே அதை விரித்தார்கள். ஒரு மழைநாளில் கதவைத் திறந்துவிட ஆளில்லாமல் சுந்தரி அடக்கி அடக்கிப் பார்த்து ஒரு மூலையில் ஒன்றுக்குப் போக, அந்த மூலை ஊறி, உப்பி, அப்பளம் போல எழுந்து நின்றது. தண்டபாணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன் பிறகு நாய்களுக்குக் காலுறை வாங்கி வந்தார்கள், பச்சைப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி, பூப்போட்டது. மைனர் அதைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் வேட்டி அவிழ்ந்துவிட்டவர் நிற்கிற மாதிரி ஓர் ஓரத்தில் நின்றான். குபேர நகரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, தன் வீட்டு நாய்களுக்கும் வாங்கிப் போட்டது.

இத்தனையும் நாய்கள் பொறுத்துக்கொண்டன. தண்டபாணி கத்துவதை அவை மிக்சி சத்தத்தைக் கேட்பது போலக் கேட்டன, அது நின்றதும் தூங்கின. ஆனால் ஓர் ஆடி மாதத்து மதியம், தண்டபாணியின் ஒறம்பரைகள், அதாவது சொந்தபந்தங்கள், சாயங்காலம் தரை பார்க்க வருகிறார்கள் என்று, ஆமாம், தரை பார்க்கத்தான், நவமணி முதுகொடிய இரண்டு தரம் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது, மழையில் நனைந்து சாக்கடைச் சேறு படிந்த காலோடு இரண்டும் வாசல்படியில் வந்து நின்று வாலாட்டின. அவள் வாயில் அந்த வீட்டின் வார்த்தைதான் வந்தது.

"சனியங்களா, இனித் தரையில காலு வெச்சீங்கன்னா பாருங்க!"

அவள் வாயிலிருந்து அதுவரைக்கும் அப்படி ஒரு சொல் அவற்றுக்கு வந்ததில்லை. மைனர் சுந்தரியைப் பார்த்தான், சுந்தரி மைனரைப் பார்த்தாள், பிறகு இரண்டும் ஒரு படி ஏறுகிற மாதிரி முன்காலை எடுத்து வைத்து, தரைக்கு நான்கு விரல் மேலே நின்று, அந்த உயரத்திலேயே ஹாலைக் கடந்து போய், ஜன்னலோரம் வழக்கமாகப் படுக்கிற இடத்துக்கு நேர்மேலே படுத்துக்கொண்டன. காலிலிருந்த சேறு மட்டும் கீழே சொட்டியது. நவமணி அதையும் துடைத்தாள், துடைக்கும்போது துணி நாயின் வயிற்றுக்கு அடியில் தடையில்லாமல் போய் வந்தது. அடுப்பில் பால் பொங்கும் வாசம் வந்ததால் எழுந்து போனாள். பாலை இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவள் திரும்பி வந்து, "எறங்குங்க சாமி, நாஞ் சொன்னது தப்பு, எறங்குங்க" என்று கெஞ்சினாள். மைனர் இறங்கப் பார்த்தான். ஒரு கால் கீழே வந்தது. அந்த நேரம் பார்த்துத் தண்டபாணி உள்ளே வந்தார், அவர் முகம் பழக்கத்தில் சுருங்கியது, மைனர் காலை மேலே எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் ஒறம்பரைகள் வந்தார்கள். நாய்கள் காற்றில் படுத்திருப்பதைப் பார்த்தார்கள். பெரிய நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, நாயின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்து, "அடேயப்பா, என்ன பளபளப்பு! அடியில ஒரு கோடு இல்லியே" என்றாள். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து குபேர நகர் வரிசையில் வந்தது. என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டது. எந்த டிரெயினர் என்று கேட்டது. நாயின் முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, பார்த்திருந்தால் அதில் பெருமை ஒன்றும் இல்லை என்பது தெரிந்திருக்கும், வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த பிள்ளையின் முகம்தான் அது. எல்லோரும் தங்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் நாய்களைப் பார்த்துக் கத்தினார்கள், ஒரு மாதம் அந்த நகரில் கத்தலைத் தவிர வேறு சத்தம் இல்லை. மூன்றாவது தெரு பொமரேனியன் ஒன்று கட்டைவிரல் உயரம் எழும்பியதாகச் சொன்னார்கள். அதன் சொந்தக்காரி அதற்குச் சுற்றிப் போட்டாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜெகநாதன், பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் யாருக்கும் எதையும் மறுக்க வாய்ப்பில்லாமல் வாடிக் கிடந்தவர், இதுதான் சமயம் என்று பூங்காப் புல்லிலும், நடைபாதையிலும், பொதுச் சாலையிலும் இனி நாய்கள் கால் படாமல்தான் வரவேண்டும் என்று பலகை அடித்து நட்டார். மைனரும் சுந்தரியும் வாக்கிங் போகும்போது ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீண்டு, "பாத்தியா, கத்துக்க" என்று தன் நாயிடம் சொன்னது. யாரோ கைதட்டினார்கள். அந்தத் தெருக்களில் எங்கேயாவது ஒரு அடி மண் கிடைக்குமா, அதில் கால் வைக்க யாராவது விடுவார்களா என்று நவமணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு தேடித் தேடி நடந்தாள். பேவர் பிளாக், சிமெண்டு, பிளாஸ்டிக் புல். மீதி இடத்தில் ஜெகநாதனின் பலகை.

கால்நடை டாக்டர் மட்டும் கொஞ்சம் மனிதர் போலப் பேசினார். "பெரியவனுக்கு இடுப்பு வலி கொறஞ்சிருக்குமே, வழுக்கறதில்ல பாருங்க" என்றார். பிறகு சுந்தரியின் வயிற்றைத் தடவி, "அம்மணி, இவ சினையா இருக்கறா" என்றார். எந்தத் தெருவின் எந்தக் கனவான் என்று தெரியவில்லை, நாய்கள் எழும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த சமாச்சாரம். "குட்டி போடற நேரத்துல நாய் தரையப் பறிக்குமுங்க. பறிச்சுப் படுக்க எடம் வேணும். காத்துல எப்படீன்னு எனக்குத் தெரியாது, நான் படிக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார். நவமணிக்கு அன்றிலிருந்து இதுதான் ஒரே கவலை: சுந்தரி இறங்கவேண்டும், வயிறு இறங்குவதற்குள் இறங்கவேண்டும்.

தண்டபாணிக்கு வேறு கவலை. நாய்களோ கால் வைப்பதில்லை. பிறகென்ன பயம்? இத்தனை வருஷமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்த இத்தாலியன் மார்பிளை இனிப் போடலாமே! அவர் சம்பத்தின் கடைக்குக் கிளம்பினார், கடைக்காரன் வாயைப் பிளக்கட்டும் என்று நாய்களையும் கூட்டிக்கொண்டார், நவமணியும் போனாள்.

கடைக்குள் மாதிரிக்குப் பதித்து வைத்திருந்த தரைகளின்மேல் நாய்கள் மிதந்து போயின, விலை ஏற ஏற ஒரு விரல் ஒரு விரலாக உயர்ந்தன. சம்பத் அசரவில்லை. "கரெக்டுங்க சார், உயரத்த வெச்சே குவாலிட்டி தெரியுதே" என்று அங்கேயே ஒரு விளம்பரத்தை யோசிக்கத் தொடங்கினான். ஆனால் கடையின் பின்பக்கம், லாரி வந்து சரக்கு இறக்கும் இடத்தில், மெருகு போடாத முரட்டுக் கடப்பாக்கல் பாவியிருந்தது. எண்ணெய்க் கறை, டயர் தடம், வெற்றிலைத் துப்பல், எல்லாம் இருந்தது, யாரும் யாரையும் கால் வைக்காதே என்று சொல்லாத தரை. சுந்தரி கயிற்றை இழுத்துக்கொண்டு அங்கே போனாள், மெல்ல இறங்கினாள், நான்கு காலையும் ஊன்றினாள், நகத்தால் ஒருதரம் பறித்துப் பார்த்தாள். கல் வழுக்கவில்லை, கோடும் விழவில்லை. மைனர் வந்து பக்கத்தில் தொப்பென்று விழுந்து புரண்டான்.

நவமணி தண்டபாணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னுங்க, இந்தக் கல்லே போதுமுங்க. பாருங்க, எறங்கீட்டாங்க. இதையே போட்டுக்கலாம்."

தண்டபாணி அவளைப் பார்த்த பார்வையில் அவளைப் பெற்றவர்கள் வரைக்கும் இளக்காரம் இருந்தது. "அம்மிணி, அது லாரி நிக்கற கல்லு. ஊட்டுக்குள்ளார போட்டம்னா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? எடுபட்ட நாய்க்காகவா நான் ஊடு கட்டுனேன்?"

"நாய்க்கின்னு சொன்னா கடப்பாதாங்க கரெக்டு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்ட சம்பத், தண்டபாணியின் முகத்தைப் பார்த்துப் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்குத் தள்ளி, "ஆனா உங்க லெவலுக்கு அது ஒத்து வராதுங்க சார்" என்று சரி செய்துகொண்டான்.

ஆக இத்தாலியன் வந்தது. பழைய மரத்தரையைக்கூடப் பெயர்க்காமல், பசை போட்டு, தரைமேல் தரையாக ஒட்டினார்கள். வெள்ளையில் சாம்பல் நரம்பு ஓடியது. மெருகு போட்டு முடித்து, திரையை விலக்கி, வெளிச்சம் அதில் விழுந்த நிமிஷத்தில் நாய்கள் இரண்டும் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பின, பிறகு ஃபேன் உயரத்துக்குப் போய் நின்றன. வாசல் நிலை கீழே இருந்தது, இவர்கள் அதற்கு மேலே இருந்தார்கள், ஆகவே வெளியே கொண்டுபோகவும் வழியில்லாமல் போயிற்று. ஃபேனை நிறுத்தினார்கள். நவமணி ஏணி போட்டுச் சோறு கொடுத்தாள், துடைப்பக்கட்டை நுனியில் வாளியைக் கட்டி அவசரத்துக்கு ஏந்தினாள். தண்டபாணி வாளி சரியாக இருக்கிறதா என்று மட்டும் நிமிர்ந்து பார்ப்பார், மற்ற நேரமெல்லாம் குனிந்தே இருந்தார். கழுத்து அப்படியே பழகிவிட்டது.

சுந்தரியின் வயிறு கனத்தது. அவள் காற்றைப் பறிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் முழுக்க, முன்காலால், ஃபேன் றெக்கைகளுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாததைப் பறித்துப் பறித்து, திரும்பித் திரும்பி வட்டம் போட்டு, படுக்கப் பார்த்து, எழுந்து, மறுபடியும் பறித்தாள். நவமணி ஏணியின் உச்சியில் நின்று அவள் வயிற்றைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முடியவில்லை. கீழே தண்டபாணி அழைப்பிதழைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தரை புதிது என்றால் வீடும் புதிது, வீடு புதிது என்றால் மறுபடியும் புதுமனை புகுவிழா, ஐயர் வருவார், பசுவும் கன்றும் வரும், ஊரும் வரும்.

"என்னுங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறன். ஒரு மூலைய மட்டும் பேத்து வுடுங்க. பொறக்கற குட்டி அங்கிருந்து உளுந்தா என்னாகும்?"

"விசேஷம் முடியட்டும் அம்மிணி. கெழக்குப் பக்கம் கெஸ்ட் யாரும் வராத ரூம்ல பாக்கலாம்."

"அதுவரைக்கும் அவ அடக்கிக்கோணுமாக்கு?"

அவர் அப்போது ஒரு தலைமுடியைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

விழா நாளில் வாசலில் வாழைமரம் கட்டினார்கள். மரம் நடக் குழி தோண்டிய கடப்பாரையைத் தூண் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். பட்டுச் சேலைகளும் பட்டு வேட்டிகளும் வந்து, வந்ததும் குனிந்தன. மேலே ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வட்டம் போட்டபடி இருக்க, சிலர் தலைக்கு மேலே முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது. ஜெகநாதன் தன் வீட்டுத் தரைக்கும் இதற்கும் நிறத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று செல்போனில் படம் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல நேரத்தில் ராமாத்தா பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குபேர நகரின் அத்தனை புகுவிழாவுக்கும் அவளுடைய இந்தப் பசுதான் வாடகைக்கு வரும், மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசி அதன் நெற்றியில் முடி உதிர்ந்துவிட்டது. பசு வீட்டுக்குள் நுழைந்து, தரையில் குளம்பு பதித்து நின்று, முடிந்தால் சாணம் போட்டால் அந்த வீடு விளங்கும் என்பது ஐயரிலிருந்து சம்பத் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். நாயின் நகம் பட்டால் குற்றம், பசு போட்டால் பாக்கியம். அதைப் பற்றி யாரும் குழம்பியதில்லை.

பசுவின் முன்காலுக்கு நேராகத் தண்டபாணி கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். "மெல்ல, மெல்ல, குளம்பு கீறும், காலு வெக்காம, காலு வெக்காமக் கொண்டா!" என்றார்.

பசு அவரைப் பார்த்தது. பிறகு நிலையைத் தாண்டி, ஒரு முழ உயரத்தில், மணி குலுங்க உள்ளே நடந்து வந்து, ஹாலின் நடுவில், யாககுண்டத்துக்கு எதிரே, அந்தரத்தில் நின்றது. கன்றும் பின்னாலேயே அதே உயரத்தில் வந்தது.

யாருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. ஐயர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தினார். பெரிய நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாதக்கணக்கில் இரண்டு நாய்கள் காற்றில் கிடந்ததைப் பார்த்துக் காபி குடித்துவிட்டுப் போன கூட்டம், ஒரு பசு ஒரு முழம் எழும்பியதும் நடுநடுங்கியது. அபசகுனம் என்றார்கள், கோமாதா வீட்டைத் தீண்ட மறுக்கிறாள் என்றார்கள், பெரிய நாத்தனார் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டார் ஒருத்தர் அந்தச் சம்பந்தத்தை அங்கேயே முறிப்பது மாதிரி செருப்பைத் தேடினார். ராமாத்தா கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "எறங்க மாண்டீங்குது. நேரத்துக்கு மேல நின்னா வாடகை கூட ஆகுமுங்க" என்றாள். தண்டபாணி ஐயரின் காலில் விழாத குறையாக நின்றார்.

"பசுவோட பாதம் மண்ணுல படணும். படலேன்னா இது வீடு இல்லே, வெறும் கட்டடம்தான்" என்றார் ஐயர். "ராகு காலம் வேற வருது."

நவமணி அவர்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதைவிடக் கோபம் வந்தது, அதைவிட அருவருப்பு வந்தது. மேலே சுந்தரி பறிப்பதை நிறுத்திவிட்டு முனகினாள், அந்த முனகல் நவமணிக்குத் தெரியும். அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள், வாசலுக்குப் போனாள், கடப்பாரையோடு வந்தாள்.

"கேட்டீங்கல்ல? மண்ணுல படோணுமாம்" என்றாள், இத்தாலியன் மார்பிளின் நட்ட நடுவில் ஒரே போடு போட்டாள்.

அந்தச் சத்தத்துக்குத் தண்டபாணி எழுப்பிய அலறலை அவர் அம்மா செத்தபோதுகூட யாரும் கேட்டதில்லை. ஆனால் ஐயர், "சீக்கிரம், சீக்கிரம், நேரம் போறது" என்றதும், அதே பட்டு வேட்டிகள் மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தன. நாய்க்காக ஒரு சின்ன மூலையைத் தர மனமில்லாத ஊர், பசுவுக்காக மூச்சு வாங்க வாங்க ஆளுக்கு ஆள் கடப்பாரையைப் பிடுங்கி இடித்தது. ஜெகநாதன்கூட நாலு போடு போட்டார். இத்தாலியன் பெயர்ந்தது, அடியில் மரத்தூளின் போட்டோ பெயர்ந்தது, அதன் அடியில் முகம் பார்க்கும் டைல்ஸ் பெயர்ந்தது, கான்கிரீட்டு உடைந்தது, கடைசியில் சிவப்பாக, ஈரவாசத்தோடு, அஸ்திவாரக் காலத்து மண் எட்டிப் பார்த்தது.

பசு இறங்கியது, பின்னாலேயே கன்றும் இறங்கியது. மண்ணில் குளம்பு பதிந்தது. அது நின்று நிதானமாகச் சாணம் போட்டது, எல்லோரும் கைகூப்பினார்கள். ராமாத்தா தட்டிலிருந்த வாழைப்பழத்தை அதன் வாயில் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

எல்லோரும் பசுவைக் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் சுந்தரி இறங்கியதை நவமணி மட்டும் பார்த்தாள். ஃபேனுக்குப் பக்கத்திலிருந்து வட்டம் வட்டமாக, அவசரமில்லாமல் இறங்கி, குழியின் ஓரத்தில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்தாள். நவமணி மண்ணில் உட்கார்ந்து, "வா கண்ணு. வெய்யி. நல்லா வெய்யி" என்றாள். சுந்தரி காலை வைத்தாள், பறித்தாள். மண் சிதறி மார்பிளிலும் பட்டுச் சேலைகளிலும் விழுந்தது. பறித்த இடத்தில் சுருண்டு படுத்தாள். பந்தியில் பாயசம் பரிமாறும்போது முதல் குட்டி பிறந்தது, மோர் போவதற்குள் மற்றவையும் பிறந்தன. எல்லாம் மண்ணில்தான் பிறந்தன, ஒன்றுகூட விழவில்லை.

குபேர நகரின் புத்தி மாறியிருக்கும் என்று நினைப்பவர்கள் குபேர நகருக்குப் போனதில்லை. நடு ஹாலில் மண் தெரிந்தால் ஐஸ்வரியம் என்று பேச்சு பரவி, வீட்டுக்கு வீடு ஹாலை உடைத்துக் குழி வைத்தார்கள். சம்பத் குழிக்கென்று இத்தாலியனிலேயே விளிம்பு செய்து விற்றான், உள்ளே போட வாசனை கலந்த சலித்த மண்ணும் பாக்கெட்டில் விற்றான். இப்போது அங்கே விருந்தாளிகள் நுழைந்ததும், "குழி எந்தக் கடையிலீங்க?" என்று கேட்கிறார்கள். குழிக்குள் நாய்கள் கால் வைக்கக்கூடாது என்று ஜெகநாதன் பலகை அடித்திருக்கிறார்.

சுந்தரி குட்டிகளோடு மண்ணிலும், நவமணி யாரையும் கேட்காமல் பின்கட்டு முழுக்கப் போட வைத்த முரட்டுக் கடப்பாக்கல்லிலும் நடமாடுகிறாள். அந்தக் கல்லில் இதுவரை ஒரு கோடு இல்லை, ஒருத்தரும் வழுக்கவில்லை. ஆனால் மைனர் இறங்கவில்லை. நவமணி கூப்பிட்டாள், சுந்தரி குரைத்தாள், குட்டிகள் அண்ணாந்து பார்த்துக் கத்தின. அவன் எல்லோரையும் தாண்டித் தண்டபாணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் சொல்லோணும்" என்றாள் நவமணி. "உங்க நாயி. உங்க சட்டைக்குள்ள வந்தவன்."

தண்டபாணி, "எறங்குடா, காலு வெய்யி" என்றார், குழியின் ஓரத்தில் உடைந்த மார்பிளைப் பார்த்தபடியே.

"கல்லப் பாத்து இல்லீங்க. அவனப் பாத்து."

மடங்கிப் பழகிய கழுத்தை அவர் சிரமப்பட்டு நிமிர்த்தினார். மைனரின் மூஞ்சி வெளுத்திருந்தது, கண்ணில் பூ விழுந்திருந்தது. எப்போது இப்படி ஆனான் என்று அவருக்குத் தெரியவில்லை. "வாடா தங்கம்" என்றார், உண்மையாகவே சொன்னார். மைனர் வாலை ஆட்டினான். விறுவிறுவென்று இறங்கி, மண்ணுக்குப் போகாமல் நேராக அவரிடமே வந்து, அவர் காலடியில், மீந்திருந்த இத்தாலியனின்மேல் நான்கு காலையும் வைத்தான். பின்னங்கால் வழுக்கியது, நகத்தை ஊன்றினான், கிறீச்சென்று ஒரு நீளக் கோடு விழுந்தது.

தண்டபாணியின் முகம் சுருங்கியது. ஒரே ஒரு நொடிதான். உடனே சிரிக்கவும் செய்தார், கையை நீட்டவும் செய்தார்.

மைனர் அதற்குள் மேலே போய்விட்டான்.

இப்போதெல்லாம் தண்டபாணி பட்டறையிலிருந்து வந்ததும் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, சாவிக்கொத்தால் தரையில் ஒரு கோடு இழுத்துவிட்டு, முகம் சுருங்காமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். சுருங்குகிறது. மறுநாளும் இழுக்கிறார். அந்த ஹாலில் சித்திரை வெயிலுக்கும் ஃபேன் ஓடுவதில்லை. மைனர் அதன் பக்கத்தில் படுத்து, காதை விடைத்துக்கொண்டு, அவர் எப்போது கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.